காபிப் பொடியில் பிலிம் கழுவுவோம், ஹைப்போவைச் சாக்கடையில் ஊற்றாமல்

கருப்பு வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவுகிறேன் என்று சொன்னால், "காபியிலா?" என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகம். ஆமாம், காபியில்தான். 1995-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸும் அவருடைய மாணவர்களும் கண்டுபிடித்த வழி இது. வேலை செய்வது கஃபீன் அல்ல, காபியில் உள்ள காஃபிக் அமிலம். வழக்கமான டெவலப்பர்கள் (பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்கள்) பலவற்றில் இருக்கும் ஹைட்ரோகுயினோன் மீன்களுக்கு விஷம்; அது இதில் கிடையாது.

ஆனால் காபியோடு நின்றுவிட்டால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். பிலிமிலிருந்து கரைகிற வெள்ளி போய்ச் சேருவது, படத்தை நிலைநிறுத்த அடுத்து ஊற்றும் ஹைப்போ கரைசலில். அதற்கு 4-ஆம் படியில் வருகிறேன்.

1. சாமான்கள்

500 மி.லி. தண்ணீருக்கு: நீரற்ற சலவை சோடா 27 கிராம், வைட்டமின் சி தூள் 8 கிராம், இன்ஸ்டன்ட் காபி 20 கிராம். எடைபோட ஒரு சின்ன டிஜிட்டல் தராசு போதும்.

சோடாவில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். என் முதல் ரோலுக்கு அவசரத்தில் ஆப்ப சோடாவைப் போட்டுவிட்டேன். பிலிம் கண்ணாடி மாதிரி வெளியே வந்தது, ஒரு படம்கூட இல்லை. கடையில் கிடைப்பது கட்டிகட்டியான படிகச் சோடா என்றால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். 27-க்குப் பதில் 73 கிராம் போடுங்கள்.

காபியில் சிக்கரி கலந்திருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள், நம் ஊரில் பெரும்பாலும் கலந்திருக்கும். கலக்காததில் மலிவானதே போதும். நல்ல பில்டர் காபிப் பொடியை இதில் வீணாக்க வேண்டாம், அது குடிக்க.

2. கலக்குதல்

முதலில் சோடா, முழுக்கக் கரைந்த பிறகு வைட்டமின் சி (நுரைக்கும், பயப்பட வேண்டாம்), கடைசியாகக் காபி. நாற்றத்தைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஐந்து நிமிடம் நுரை அடங்கட்டும், அரை மணிக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

சூடு 20 டிகிரி இருக்க வேண்டும். சென்னைக் குழாய்த் தண்ணீரில் அது நடக்காது. ஐஸ் போட்ட வாளியில் பாத்திரத்தை இறக்கி வைத்து, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

3. கழுவுதல்

100 அல்லது 200 ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் வேகம்) பிலிமில் தொடங்குங்கள். இருட்டுப் பையில் ரீலில் சுற்றி டேங்கில் போட்டாயிற்றா? சரி, காபியை ஊற்றி 15 நிமிடம். முதல் அரை நிமிடம் விடாமல் கவிழ்த்து நிமிர்த்துங்கள், அப்புறம் நிமிடத்துக்கு மூன்று தடவை. முடிந்ததும் ஸ்டாப் பாத் (டெவலப்பரை நிறுத்தும் அமிலக் கரைசல்) வேண்டாம், இரண்டு மூன்று முறை வெறும் தண்ணீரில் அலசினால் போதும்.

4. ஹைப்போ

அலசியதும் டேங்கில் ஹைப்போவை ஊற்றுங்கள். ஒரு ரோலுக்குப் பிறகு அதைக் கொட்டாதீர்கள், பல ரோலுக்கு வரும். ரோல் நுனியில் வெட்டிய துண்டை அதில் போட்டு, எத்தனை நொடியில் தெளிகிறது என்று பாருங்கள். அந்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் பிலிம் ஹைப்போவுக்குள் இருக்க வேண்டும். புதிதாகக் கலந்த அன்று எடுத்த நேரத்தைப் புட்டியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். துண்டு தெளிய அதைவிட இரட்டிப்பு ஆகும்போது ஹைப்போ தீர்ந்தது.

தீர்ந்ததை பிளாஸ்டிக் கேனில் சேர்த்து வையுங்கள். பளபளப்பாகத் தேய்த்த செம்புக் கம்பியை அதில் முக்கிப் பாருங்கள்: கொஞ்ச நேரத்தில் வெள்ளிப் பூச்சு ஏறிவிடும். இதைத்தான் நாம் சாக்கடைக்கு அனுப்ப இருந்தோம்.

இன்னும் பிலிமில் எக்ஸ்ரே எடுக்கும் இடங்களில் பழைய ஹைப்போவை வாங்கிப்போக ஆள் வருவதுண்டு, அவரைப் பிடிக்க முடிந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் ஹார்டுவேர் கடையில் ஸ்டீல் வுல் வாங்கி, ஒரு கைப்பிடி கேனுக்குள் போடுங்கள். பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத நார் உதவாது. இரும்பு கரையக் கரைய, வெள்ளி சாம்பல் நிறச் சேறாக அடியில் படியும். சில நாள் ஆகும். வாயு வெளியேற வேண்டும் என்பதால் மூடியை இறுக்காதீர்கள். செம்புக் கம்பியை முக்கினால் பூச்சு ஏறாத நிலை வரும்வரை விட்டு வையுங்கள். சேற்றை வடிகட்டி உலர்த்தி, வெள்ளி உருக்குபவரிடம் கொடுக்கலாம். மிச்ச நீரைக் கிணற்றடியிலோ செடிக்கோ ஊற்ற வேண்டாம்.

5. கடைசி அலசல்

குழாயைப் பத்து நிமிடம் திறந்துவிடும் பழக்கத்தை விடுங்கள். இல்ஃபோர்டு நிறுவனம் சொல்லித்தந்த முறையில் டேங்கை நிரப்பி 5 தடவை கவிழ்த்துக் கொட்டுங்கள், மறுபடி நிரப்பி 10, மறுபடி 20. மொத்தம் ஒன்றரை லிட்டர். ஒன்று மட்டும்: கடினமாக்கி (பிலிமின் மேல்பூச்சைக் கெட்டிப்படுத்தும் ரசாயனம்) கலந்த ஹைப்போவுக்கு இது போதாது, எக்ஸ்ரே ஹைப்போ பெரும்பாலும் அந்த ரகம். அதனால் வாங்கும்போதே கடினமாக்கி இல்லாததாகக் கேளுங்கள்.

நெகட்டிவைத் தூசி இல்லாத குளியலறையில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். லேசான பழுப்புச் சாயம் தெரியும். அது காபிக் கறை, ஸ்கேனில் ஒன்றும் ஆகாது.