படத்தில் நேர்கோடு தெரிந்தால் அது நிலப்பிளவா?

போன மாதம் இரண்டு மாணவர்கள் திருத்துறைப்பூண்டிப் பகுதியின் செயற்கைக்கோள் படத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் சிவப்பு மையில் நீளமாக ஒரு கோடு, பக்கத்தில் 'நிலப்பிளவு' என்ற குறிப்பு. இருபது வருடத்துக்கு முன் நான் போட்ட அதே கோடு. அதனால்தான் இப்படி வழக்கமாக நடக்கும் தவறுகளை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

விரிசலைப் பிளவு என்பது

இரு பக்கப் பாறையும் ஒன்றுக்கொன்று பெயர்ந்திருந்தால்தான் பிளவு. இல்லாவிட்டால் வெறும் விரிசல்.

நேர்கோட்டைப் பிளவு என்பது

நான் சேலம் பக்கம் வேலை பழகியவன். அங்கே கடினப் பாறையின் மேல் மண் மெலிது. பாறை உடைந்த இடம் படத்தில் கோடாகத் தெரியும், அங்கே போர் போட்டால் தண்ணீர் கிடைக்க வாய்ப்பு அதிகம். அதே பழக்கத்தில் இந்தக் காவிரி டெல்டாவிலும் ஒரு கோட்டைக் காட்டி போர் போடச் சொன்னேன். இங்கே தண்ணீர் இருப்பது மணல் அடுக்கில் என்பதை யோசிக்கவே இல்லை. அந்த விவசாயி நகையை அடகு வைத்துப் போட்டார். உப்புத் தண்ணீர் வந்தது. பக்கத்து வயல் பெரியவர், "இது தூர்ந்துபோன வாய்க்கால் கரை தம்பி, எங்கப்பா காலத்துல தண்ணி ஓடுச்சு" என்றார். அவரிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம். இன்றும் என்மேல் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

டெல்டாவுக்கு அடியில் பிளவுகள் இல்லாமல் இல்லை. ஏறத்தாழ 14 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்தபோது இந்த நிலம் இழுபட்டு, வடகிழக்கு–தென்மேற்காகப் பிளந்தது. சில பாளங்கள் இறங்கிப் பள்ளமாயின, நடுவே நின்றவை மேடாயின. கும்பகோணத்துக்கு அடியில் ஒரு மேடு, பட்டுக்கோட்டை–மன்னார்குடிக்கு அடியில் இன்னொன்று. பள்ளங்களில் சில இடங்களில் படிவு 5 கிலோமீட்டரையும் தாண்டும். அத்தனைக்கும் அடியில் இருப்பதை வயல் வரப்பில் தேடக் கூடாது. மேலே தெரியும் கோடு கல்லணைக் கால்வாயாக, வடிகாலாக, பழைய ஆற்றுத்தடமாக, வேதாரண்யம் பக்கமென்றால் கடலோர மணல்மேடாக இருக்கலாம்.

சரி, எதைப் பார்ப்பது? எண்ணெய்க் கிணற்றுப் பதிவுகளையும், தரைக்குள் அதிர்வு அனுப்பித் திரும்பும் எதிரொலியை வைத்து வரையும் அதிர்வு அலைப் படங்களையும். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஒரே அடுக்கு சட்டென்று ஆழம் மாறுகிறதா? இறங்கிய பக்கத்தில் தடித்திருக்கிறதா? தடித்திருந்தால், மண் படியும்போதே பாளம் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தடிமன் இரு பக்கமும் ஒன்றே என்றால், படிந்த பிறகுதான் நகர்ந்திருக்கிறது.

அதிர்வு அலைப் படத்தை மீட்டரில் படிப்பது

செங்குத்து அச்சில் பெரும்பாலும் இருப்பது ஆழம் அல்ல, அலை கீழே போய்த் திரும்ப எடுத்த நேரம். முதலில் அதைப் பாருங்கள்.

பிளவு என்றதும் பூகம்பம் என்று ஊரைப் பயமுறுத்துவது

செய்யாதீர்கள். பிளவு இருப்பது வேறு, அது இன்று நகர்வது வேறு.