கிராஃபிக்ஸ் கார்டா, ராமா: எதை முதலில் மாற்றினேன்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் கேமிங் கம்ப்யூட்டரில் ரைசன் 5 3600 ப்ராசசர், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்). யாரைக் கேட்டாலும் கிராஃபிக்ஸ் கார்டை மாத்துப்பா என்பதுதான் பதில். ஆனால் கேம் மொத்தமாக மெதுவாக ஓடவில்லை, நடுநடுவே திக்கித் திக்கி நின்றது. அது வேறு நோய்.

கார்டு எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளைப் போட்டு, திரை மூலையில் எண்களை ஓடவிட்டுக்கொண்டே விளையாடினேன். கார்டு 97, 99 சதவீதத்திலேயே நின்றால் தடை அங்கேதான். என்னுடையது 60, 70 என்று ஊசலாடியது. படத் துல்லியத்தை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்கி, கார்டின் சுமையைக் குறைத்தும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை காட்சி என்ற கணக்கு) ஏறவில்லை, ஆக கார்டின் மேல் பழி போட முடியாது, ப்ராசசரோ ராமோதான். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் 8 ஜிபியும் நிரம்பி, மீதியை விண்டோஸ் டிஸ்க்குக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

சரி என்று இரண்டு 8 ஜிபி ஸ்டிக் சேர்ந்த, 3200 வேக ராம் கிட் வாங்கி, மதர்போர்டு கையேட்டில் சொன்ன ஏ2, பி2 ஸ்லாட்டுகளில் போட்டேன், அப்போதுதான் டூயல் சேனலில், அதாவது இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் இரு பாதைகளில், ஓடும். கடைக்காரர் சொல்லாத ஒன்று: பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பை ஆன் செய்யாவிட்டால் அது 3200 வேகத்துக்குப் போகாது, 2133, 2400 என்றே கிடக்கும். திக்கல் போயே போச்சு.

அப்புறம் வேலூர் கத்திரி வெயில். 40 டிகிரியைத் தாண்டும்போது மாடி அறையில் எந்தக் கார்டும் கொதிக்கும், அதனால் முன்பக்கம் ஒரு ஃபேன் கூடுதலாக வைத்தேன். அடுத்தது கார்டுதான், அதற்கு முன் பவர் சப்ளை எத்தனை வாட் என்று பார்க்க வேண்டும்.