கத்தி வைப்பதற்கு முன் ஒரு நிமிடம்: தவறான பக்கத்தில் ஆபரேஷன் நடக்காமல் இருக்கத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அந்தப் பெரியவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். ட்ராலியில் வந்தார், மேசைக்கு மாற்றினோம், முதுகில் ஊசி போட மயக்க மருந்து டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். ஓ.டி. லிஸ்டில், அதாவது அன்றைய ஆபரேஷன் பட்டியலில், இடது பக்கம் என்று இருந்தது. "அய்யா, எந்தப் பக்கம் ஆபரேஷன்னு சொன்னாங்க?" என்று கேட்டேன். "சோத்தாங்கைப் பக்கம்மா" என்றார். சோத்தாங்கை என்றால் வலது. கேஸ் ஷீட்டைப் பிரித்தால் அதிலும் வலதுதான், லிஸ்ட் டைப் செய்யும்போது மாறியிருக்கிறது. வயிற்றைப் பார்த்தாலே தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். தெரியாது. நிற்கும்போது எலுமிச்சம்பழம் மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கிற குடலிறக்கம், படுத்தால் பெரும்பாலும் உள்ளே போய்விடும், அப்புறம் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தோலில் மார்க் எதுவும் போட்டிருக்கவில்லை. சர்ஜன் வந்து, பெரியவரை மறுபடி எழுப்பி நிற்க வைத்து, இருமச் சொல்லிப் பார்த்து, வலது பக்கம் அம்புக்குறி போட்ட பிறகுதான் ஊசி. பத்து நிமிடம் தாமதம், அவ்வளவுதான். நான் அன்று கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

இப்படி நடப்பது அபூர்வம்தான். அமெரிக்காவில் சுமார் 28 லட்சம் ஆபரேஷன்களை ஆராய்ந்து 2006-ல் வெளியான ஒரு ஆய்வில், முதுகெலும்பைத் தவிர்த்துப் பார்த்தால், இடம் மாறிச் செய்தவை 25 மட்டுமே. ஆனால் அபூர்வமாக நடப்பதால்தான் யாருக்கும் பயம் வருவதில்லை, ஒரு சர்ஜன் முப்பது வருடம் வேலை பார்த்து ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம், அதனால் சரிபார்ப்பு என்பது ஏதோ ஆடிட்டுக்காக நிரப்புகிற காகிதம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நான் பார்த்தவரை எல்லாத் தவறும் அந்த எண்ணத்திலிருந்துதான் கிளம்புகிறது.

முதலில், தவறு தியேட்டருக்குள் தொடங்குகிறது என்று நினைப்பதே தவறு. ஓ.பி. சீட்டில் வலதுக்கு 'ஆர்.டி.', இடதுக்கு 'எல்.டி.' என்று இரண்டே ஆங்கில எழுத்தில் கிறுக்குவார்கள், அதைப் படித்து ஒருவர் லிஸ்ட் போடுவார், அந்த லிஸ்டைப் பார்த்து இன்னொருவர் போர்டில் எழுதுவார், வார்டுக்கு போனில் சொல்வார்கள், வார்டில் அந்தப் பக்கம் ஷேவ் செய்து அனுப்புவார்கள். நாம் பார்க்கும்போது லிஸ்ட், போர்டு, ஷேவ் செய்த இடம் மூன்றும் ஒன்றாக இருக்கும், மூன்று சாட்சி சொல்கிற மாதிரி தோன்றும். உண்மையில் சாட்சி ஒன்றுதான், மற்றவை அதைப் பார்த்து எழுதிய நகல்கள். 1995-ல் அமெரிக்காவின் டாம்பா நகரில் ஒருவருக்குத் தவறான காலை வெட்டி எடுத்தது உலகம் முழுக்கச் செய்தியானது. அங்கேயும் தியேட்டர் போர்டிலும் லிஸ்டிலும் கம்ப்யூட்டரிலும் தவறான கால்தான் இருந்தது, சர்ஜன் உள்ளே வந்தபோது அந்தக் காலைச் சுத்தம் செய்து துணி போர்த்தித் தயாராக வைத்திருந்தார்கள். அந்தக் காலிலும் ரத்த ஓட்டம் கெட்டுத்தான் இருந்தது, அதனால் பார்த்தவுடன் சந்தேகமும் வரவில்லை. ஆகவே நகலை நகலோடு ஒப்பிடாதீர்கள். ஒப்புதல் படிவம், டாக்டர் பரிசோதித்து எழுதிய குறிப்பு, ஸ்கேன் படம், நோயாளியின் வாய், இந்த நான்கும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று மாறினாலும் நிறுத்துங்கள். வலது, இடது என்பதை முழுச் சொல்லாக எழுதுங்கள், இரண்டு எழுத்து மிச்சம் பிடித்து யாரும் எதையும் சம்பாதித்ததில்லை.

அடுத்தது மார்க் போடுவது. இதில் நடக்கிற தவறுகளைச் சொல்ல ஒரு நாள் போதாது. பெருக்கல் குறி போடுவார்கள். அதற்கு 'இங்கே வெட்டு' என்றும் பொருள் கொள்ளலாம், 'இங்கே கூடாது' என்றும் கொள்ளலாம், அதனால் அம்புக்குறியோ சர்ஜனின் பெயரெழுத்துகளோதான் போட வேண்டும். கனடாவின் எலும்பு சர்ஜன்கள் சங்கம் 1994-லேயே, உங்கள் கையெழுத்தின் ஊடாகத்தான் கத்தி போக வேண்டும் என்று சொல்லிவிட்டது, அமெரிக்கச் சங்கம் 1998-ல் அதே வழிக்கு வந்தது. நல்ல காலைப் பார்த்து 'இது இல்லை' என்று எழுதி வைப்பதும் வேண்டாம், அவசரத்தில் கண்ணுக்கு மை தெரியும், மையில் எழுதியிருப்பது தெரியாது. பால்பாயின்ட் பேனாவும் கூடாது, பெட்டாடின் போட்டுத் துடைத்தால் போய்விடும், அழியாத ஸ்கின் மார்க்கர்தான் வேண்டும். அப்படியே நல்ல மார்க்கராக இருந்தாலும், மை காய்வதற்குள் நோயாளி ஒரு காலை இன்னொரு காலோடு ஒட்டி வைத்தால் இரண்டிலும் கறை பதிந்துவிடும், கொஞ்சம் காய விடுங்கள். துணி போர்த்திய பிறகும் கண்ணில் படுகிற இடத்தில் மார்க் இருக்க வேண்டும். முழங்கால் ஆபரேஷனுக்குத் தொடையின் மேற்பகுதியில் மார்க் போட்டு, அதன் மேலேயே டூர்னிக்கே (ரத்தம் வராமல் இறுக்கிக் கட்டுகிற பட்டை) கட்டி மறைத்துவிட்டால் போட்டதற்குப் பயனே இல்லை. குடலிறக்கம், காலில் நரம்பு சுருட்டல் இரண்டுக்கும் நோயாளி நிற்கும்போதே மார்க் போட வேண்டும். போடுகிறவர் ஆபரேஷன் செய்யப்போகிறவராக இருக்க வேண்டும், நோயாளி விழிப்போடு இருக்கும்போது, அவரையும் கேட்டுக்கொண்டு. "சிஸ்டர், நீங்க போட்டுடுங்க" என்று மார்க்கரை நீட்டினால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

ஆள் யார் என்று உறுதி செய்கிற விதத்திலும் பெரிய ஓட்டை இருக்கிறது. "நீங்கதானே முருகேசன்?" என்று கேட்டால் பாதி மயக்கத்திலும் பயத்திலும் இருக்கிறவர் யாராக இருந்தாலும் தலையாட்டுவார். காது கொஞ்சம் மந்தமான பாட்டி எல்லாக் கேள்விக்கும் "ஆமா கண்ணு" என்பார். "உங்க பேரைச் சொல்லுங்க, உங்க அப்பா பேரு என்ன, எதுக்கு ஆபரேஷன், எந்தப் பக்கம்" என்று அவர் வாயால் வரவழைக்க வேண்டும். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, ஒரே நாளில் எம். முருகேசனும் கே. முருகேசனும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருப்பார்கள், முன்னெழுத்து விட்டுப்போனால் இரண்டு பேரும் ஒருவரே. அதனால் பெயரோடு ஐ.பி. நம்பரையும் (உள்நோயாளி எண்) கைப்பட்டையில் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டில் எண் அடையாளமே இல்லை, கட்டில் காலையில் மாறும். வலது இடது குழப்பம் இருக்கிறவரிடம் சொல்லாகக் கேட்காமல் "கையை வச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள்.

கண்புரை தியேட்டரில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஒரு காலையில் நிறையப் பேர், எல்லாருக்கும் பச்சைத் தொப்பி, ஒரே மாதிரி கண் துணி. இங்கே பக்கம் மட்டும் பிரச்சினை இல்லை, கண்ணுக்குள் வைக்கிற லென்ஸும் மாறலாம். லிஸ்டில் மூன்றாவதாக இருந்தவருக்கு ரத்த அழுத்தம் கூடிவிட்டது, அவரைத் தள்ளி வைத்து நான்காவது ஆளை உள்ளே அழைக்கிறார்கள், ஆனால் ட்ரேயில் மூன்றாவது ஆளின் 21.5 பவர் லென்ஸ் அப்படியே இருக்கிறது. லிஸ்ட் வரிசை மாறுகிற ஒவ்வொரு முறையும், நடப்பதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு நோயாளியின் லென்ஸ் மட்டுமே உள்ளே இருக்கட்டும். எந்தக் கண்ணோ அந்தக் கண்ணின் புருவத்துக்கு மேலே மார்க் இருக்கட்டும், கண்ணைச் சுற்றி ஊசி போடுவதற்கு முன்பே இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்.

ஊசி என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டைம் அவுட் (எல்லாரும் கையை நிறுத்தி, ஆளையும் பக்கத்தையும் சத்தமாகச் சரிபார்ப்பது) என்பது சர்ஜனின் வேலை, கத்திக்கு முன்னால் வருவது என்று நினைத்துக்கொண்டு, அதற்கு அரை மணி நேரம் முன்பே காலையோ கையையோ மரக்க வைக்கிற நரம்பு ஊசியைத் தவறான பக்கத்தில் போட்டுவிடுவது உண்டு. நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்திருப்பார்கள், மார்க் போர்வைக்கு அடியில் போயிருக்கும், நமக்கு இடம் எது வலம் எது என்பதே தலைகீழாகும். இதற்காகவே பிரிட்டனில் மயக்க மருந்து டாக்டர்கள் 'ஊசிக்கு முன் நில்' என்று ஒரு இயக்கமே நடத்தினார்கள். ஊசி தோலில் இறங்குவதற்குச் சற்று முன்னால், டாக்டரும் உதவியாளரும் மார்க்கைக் கண்ணால் பார்த்து வாயால் சொல்ல வேண்டும்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. எக்ஸ்ரே ஃபிலிமைத் திருப்பி மாட்டினால் வலது இடதாகிவிடும், ஃபிலிமில் இருக்கிற பக்கக் குறியைப் படிக்காமல் யாரும் அதை நம்பக் கூடாது. இப்போது வாட்ஸ்அப்பில் வருகிற ஸ்கேன் போட்டோக்களில் பெயரும் பக்கக் குறியும் வெட்டுப்பட்டே வருகின்றன, அதை வைத்துப் பக்கம் முடிவு செய்யாதீர்கள். எண்களையும் நம்பாதீர்கள். 'இரண்டாவது விரல்' என்றால் கட்டை விரலைச் சேர்த்தா, சேர்க்காமலா? ஆள்காட்டி விரல், மோதிர விரல் என்று அழகான பெயர்கள் இருக்கும்போது எண் எதற்கு. பல்லில் இன்னும் மோசம், 18 என்று எழுதினால் ஒரு முறைப்படி அது வலது மேல் ஞானப்பல், அமெரிக்க முறைப்படி இடது கீழ்க் கடைவாயில் இருக்கிற இன்னொரு பல். முதுகெலும்பில் தோலைப் பார்த்து எத்தனையாவது எலும்பு என்று சொல்லவே முடியாது, சிலருக்கு இடுப்புப் பகுதியில் எலும்பின் எண்ணிக்கையே கூடக் குறைய இருக்கும், தியேட்டரில் எக்ஸ்ரே எடுத்து எண்ணாமல் தொடக் கூடாது.

இனி டைம் அவுட். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொடுத்த பாதுகாப்புப் பட்டியலில் 19 கேள்விகள், மூன்று கட்டம்: மயக்கம் கொடுப்பதற்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போவதற்கு முன். புதுடெல்லி, லண்டன், டொராண்டோ, மணிலா, தான்சானியாவின் இஃபாகாரா உட்பட எட்டு நகரங்களில் போட்டுப் பார்த்ததில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன. அதே பட்டியலைக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் எல்லா மருத்துவமனைகளுக்கும் கட்டாயமாக்கியது. 101 மருத்துவமனைகளின் கணக்கு 2014-ல் வந்தபோது இறப்பு 0.71-லிருந்து 0.65, அதாவது சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஒரே காகிதம்தான். ஏன் என்று பெரியவர்கள் பல விதமாக வாதாடுகிறார்கள், எனக்குத் தியேட்டரில் நின்று பார்த்ததில் ஒரு காரணம் தெரியும். ஒருவர் மூலையில் நின்று வேகமாக வாசிப்பார், சர்ஜன் அதற்குள் கத்தியை வாங்கியிருப்பார், மயக்க மருந்து டாக்டர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே "ம்" என்பார், வேண்டியதை எடுத்துக் கொடுக்கிற சர்குலேட்டிங் நர்ஸ் நூல் எடுக்க வெளியே போயிருப்பார். படிவத்தில் 19 டிக்கும் இருக்கும். சில இடங்களில் காலையிலேயே எல்லா நோயாளிக்கும் டிக் போட்டு வைத்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

அதனால் என் தியேட்டரில் ஒரே ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம், ட்ரேயில் கத்தியின் மேல் ஒரு சிறிய டவல். டைம் அவுட் முடியாமல், சர்ஜன் கையில் கருவி கொடுக்கிற ஸ்க்ரப் நர்ஸ் அந்த டவலை எடுக்க மாட்டார், யார் கை நீட்டினாலும் சரி. ஆரம்பத்தில் ஒரு சீனியர் சர்ஜனுக்குக் கோபம் வந்தது, ஒரு மாதத்தில் அவரே "டவலை எடுங்க, சொல்லியாச்சு" என்று சொல்லிச் சிரிக்கப் பழகிவிட்டார். எல்லார் கையும் நிற்க வேண்டும், பாட்டு நிற்க வேண்டும், போன் வெளியே இருக்க வேண்டும், பக்கத்தைக் காகிதத்தைப் பார்த்து வாசிக்காமல் தோலில் இருக்கிற மார்க்கைப் பார்த்து வாசிக்க வேண்டும். "எல்லாம் ஓகேவா?" என்று மொத்தமாகக் கேட்பது டைம் அவுட் ஆகாது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாகாணத்தில் ஒரே மருத்துவமனையில் 2007-ல் மட்டும் மூன்று பேருக்கு மூளையில் பக்கம் மாறியது, 2009-ல் ஐந்தாவது முறையாக இடம் மாறி ஆபரேஷன் நடந்த பிறகு 1,50,000 டாலர் அபராதம் போட்டு, தியேட்டர்களில் கேமரா வைக்கவே சொல்லிவிட்டார்கள். இந்தச் சரிபார்ப்புக்கான விதிகள் 2004-லிருந்தே அந்த நாட்டில் இருந்தன.

எல்லாவற்றையும் விட எனக்கு வலிக்கிற தவறு வேறு. 2000-ம் ஆண்டு வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் எழுபது வயதுக்காரர் ஒருவருக்கு நோய்ப்பட்ட வலது சிறுநீரகத்தை எடுப்பதற்குப் பதில் நல்ல இடது சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள், சில வாரங்களில் அவர் இறந்துபோனார். சீட்டில் பக்கம் மாறியிருந்தது, எக்ஸ்ரேயும் திருப்பி மாட்டப்பட்டிருந்தது. ஆனால் அந்த அறையில் ஒருவர் சொன்னார். வேடிக்கை பார்க்க வந்திருந்த ஒரு மருத்துவ மாணவி, இது தவறான சிறுநீரகம் என்று நினைக்கிறேன் என்று சொன்னார். நீ சொல்வது தவறு என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மாணவி அவ்வளவு தூரம் துணிந்து வாயைத் திறப்பதே பெரிய விஷயம், நம் தியேட்டர்களில் "சார்" என்று இழுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். யாராவது பக்கத்தைப் பற்றி ஒரு சந்தேகம் சொன்னால், அவர் தூய்மைப் பணியாளராகவே இருந்தாலும், பதில் சொல்வதற்கு முன்னால் ஃபைலைத் திறந்து பாருங்கள். சொல்கிறவர்களுக்கும் ஒன்று: "ஒருவேளை..." என்று முணுமுணுக்காதீர்கள். "சார், நிறுத்துங்க, ஒப்புதல் படிவத்தில் வலதுன்னு இருக்கு" என்று காரணத்தோடு, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் கவனம் தளர்வதும் உண்டு. பரிசோதனைக்காக மார்பகத்திலிருந்து எடுத்த சதைத் துண்டின் டப்பாவில் வலது என்பதற்கு இடது என்று ஒட்டிவிட்டால், அடுத்த ஆபரேஷன் தவறான பக்கத்தில் நடக்க நாமே விதை போட்டுவிட்டோம். லேபிளைச் சத்தமாக வாசித்து, பெயரோடும் பக்கத்தோடும், சர்ஜன் ஆமோதித்த பிறகுதான் டப்பா வெளியே போக வேண்டும்.

நோயாளிகளும் கூட இருக்கிறவர்களும் இதைப் படித்தால், ஒரே கேள்வியை ஐந்து பேர் கேட்கிறார்களே, இவர்களுக்கு ஒன்றும் தெரியாதோ என்று பயப்பட வேண்டாம். ஐந்து பேருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். ஒப்புதல் படிவத்தில் பக்கம் எழுதாமல் வெற்றாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மார்க் போடாமல் ட்ராலியில் ஏற்றினால் "டாக்டர் இன்னும் மார்க் போடலையே" என்று கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள். அப்புறம், முந்தின நாளே மார்க் போட்டுவிட்டால், காலையில் குளிக்கும்போது அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், அழிந்துபோனால் நீங்களே பேனா எடுத்து மறுபடி வரையாமல் வார்டு சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள்.