ரோடியோ காதல் எழுத: கயிற்றை இழுப்பவன் யார்?

வேலூர் மாவட்டத்தில் தை பிறந்தால் ஊருக்கு ஊர் மாடு விடும் விழாதான். அணைக்கட்டுப் பக்கமோ கே.வி.குப்பம் பக்கமோ அதைப் பார்த்து வளர்ந்தவர்கள், அமெரிக்க ரோடியோவில் (காளை, குதிரை அடக்கிச் சவாரி செய்யும் போட்டி) ஆண் வீரர்கள் இருவரின் காதலை எழுத உட்கார்ந்தால் சறுக்குவது ஒரே இடத்தில்: காளையை ஓட விட்டுவிடுவார்கள். நம்மூரில் காளை தனியாக ஓடும். குறைந்த வினாடியில் எல்லையைத் தாண்டினால் பரிசு. அங்கே அது துள்ளிச் சுழலும், முதுகில் ஆள் இருப்பான். ஒற்றைக் கைப்பிடியில் 8 வினாடி தாங்க வேண்டும். மற்றக் கை மாட்டின்மேலோ தன்மேலோ பட்டால் போச்சு. தாங்கினால் 100க்கு மதிப்பெண். அதில் 50 காளையின் ஆட்டத்துக்கு.

8 வினாடியில் காதல் நடக்காது. அதற்கு முந்தைய நிமிடத்தை, காளையை அடைத்து அதன்மேல் ஏறும் கம்பிக் கூண்டுக்குள் எழுதுங்கள். காளையின் நெஞ்சைச் சுற்றிப் பின்னல் கயிறு. அதில் பிசின் தூளைப் போட்டுக் கையுறையால் உருவி உருவிச் சூடேற்றுவான் ஏறுகிறவன். சூடானால்தான் பிடி ஒட்டும். இறுக்குவது அவன் ஒருவனால் ஆகாது. கம்பிமேல் சாய்ந்து நிற்கும் இன்னொருவன் கயிற்று நுனியை இழுத்துத் தர வேண்டும். யாரைக் கூப்பிடுகிறான் என்பதுதான் கதை. முதலில் எவனோ ஒருவன் இழுக்கட்டும். பெரிய சண்டைக்கு மறுநாள், கூப்பிடாமலே காதலன் வந்து நிற்கட்டும். வசனமே வேண்டாம்.

விபத்து வைப்பதாக இருந்தால் சரியாக வையுங்கள். பிடித்த கைக்கு எதிர்ப்பக்கம் விழுந்தால் கை கயிற்றில் சிக்கி, காளையோடு இழுபடுவான். கையை விடுவித்ததும் அடியில் தொங்கும் மணியின் கனத்தில் கயிறு தானே கழன்று விழும். காளையைத் திசைதிருப்ப மைதானத்தில் தனி ஆட்கள் உண்டு. காதலன் கூண்டிலிருந்து பாய்ந்து காப்பாற்றுவது சினிமா.

இருவரும் ஒளிந்தே வாழ்ந்து செத்தாக வேண்டும் என்றும் இல்லை. 1976லேயே நெவாடா மாநிலம் ரீனோவில் தன்பால் ஈர்ப்பாளர்களின் ரோடியோ நடந்தது. 1985ல் அதற்குச் சர்வதேச சங்கமே வந்துவிட்டது.

கதையை வேலூருக்கே கொண்டுவந்தால், ஒரே காளையை வளர்க்கும் இரண்டு பேர் போதும். தன்பால் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 2018 செப்டம்பர் 6க்குப் பிறகு நடப்பதென்றால், அதைக் குற்றமாக்கியிருந்த 377ஆம் பிரிவைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். வீட்டில் பெண் பார்க்கும் பேச்சு எடுத்தாலே போதும். பேச்சுக்கு நம்மிடம் 'மச்சான்' இருக்கிறது. ஊரே கேட்கச் சொல்லலாம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். "இன்னா மச்சான், கயித்த வுட்டுட்டு எங்க பாத்துக்கினு கீற?" தனியாக இருக்கும்போது மட்டும், அவன் அம்மா கூப்பிடும் செல்லப்பேர். அது ஒருநாள் விழாக் கூட்டத்தில் வாய்தவறி வரட்டும். பக்கத்தில் மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருக்கும் பெரியப்பா திரும்பிப் பார்ப்பார்.