பீடியை விடணுமா, முதலில் ஆளைப் பிடியுங்கள்

சபரிமலைக்கு மாலை போட்ட 41 நாளும் ஒரு பீடிகூடத் தொடாமல் இருப்பார்கள். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே சாயக்கடை (டீக்கடை) முன்னால் நின்று பற்றவைப்பார்கள். நம்ம ஊரில் இதைப் பார்க்காதவர் யார்? தவக்காலத்திலும் இதே கதைதான். சாம்பல் புதனன்று நிறுத்தியவர், ஈஸ்டர் மதியம் இறைச்சியும் சோறும் தின்று கை கழுவியதும் சட்டைப்பையைத் தடவுவார்.

நிக்கோட்டின் கிடைக்காமல் உடம்பு படுகிற பாடு முதல் இரண்டு மூன்று நாளில்தான் உச்சத்தில் இருக்கும். அப்புறம் மெல்ல இறங்கி, இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படிப் பார்த்தால் 41 நாள் முடிகிறபோது மலையின் பெரிய ஏற்றம் தாண்டியாயிற்று. பிறகும் ஏன் திரும்பப் பற்றவைக்கிறார்கள்? மாலை கழுத்தில் கிடக்கிறவரை ஊரே உங்களைச் 'சாமி' என்று கூப்பிடுகிறது. எவனும் பீடியை நீட்டமாட்டான். பக்கத்தில் நின்று வலிக்கிறவன்கூட இரண்டடி தள்ளிப் போவான். வீட்டில் உங்கள் சாப்பாடு, குளி, தூக்கம் எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு வந்துவிடுகிறது. மாலை இறங்கியதும் இந்தக் காவல் முழுவதும் ஒரே நாளில் கலைந்துபோகிறது. அந்தக் காவலை மாலை இல்லாமலே நாமாக ஏற்பாடு செய்துகொள்ள முடியும். நான் பீடியை விட்டது அப்படித்தான்.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகவேண்டும். எங்கள் தொழிலில் பீடிக்கென்றே இரண்டு நேரம் உண்டு. இருட்டில் கொசு பிடுங்குகிற நேரம் ஒன்று. வெட்டி முடித்து, பால் சிரட்டையில் வடிவதற்காகக் காத்திருக்கிற நேரம் இன்னொன்று. இதுதான் மோசம், இரண்டு மூன்று மணி நேரம் சும்மா இருக்கவேண்டும். உங்கள் வேலையிலும் இப்படி இருக்கும். கொத்தனாருக்குப் பதினொரு மணிச் சாயை, ஆட்டோக்காரருக்கு ஸ்டாண்டில் சவாரி வரும்வரை, கடலுக்குப் போகிறவருக்கு வலை போட்ட பிறகு. விடுவதற்கு முந்தின வாரம் இதை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். எத்தனை பீடி என்பது கிடக்கட்டும். எங்கே வைத்து, யார்கூட என்பதை எழுதுங்கள். அந்தச் சீட்டைப் பார்த்தாலே எந்த நேரத்துக்கு எந்த ஆளைப் பிடிக்கவேண்டும் என்று தெரிந்துவிடும்.

இருட்டு நேரத்துக்கு எனக்கு அமைந்தவன் குவைத்தில் நைட் டியூட்டி பார்க்கும் என் தம்பி. இங்கே காலை நாலு மணி என்றால் அங்கே இரவு ஒன்றரை. அவனுக்கும் தூக்கம் கண்ணைச் சொருகுகிற நேரம். பீடி வேண்டும் என்று தோன்றினால் மிஸ்டு கால் விடுவேன், அவன் கூப்பிடுவான். எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்தான், பீடியைப் பற்றிப் பேசக்கூடாது. "அண்ணா, மழை உண்டா? ஒட்டுப்பால் என்ன விலைக்குப் போவுது?" என்று ஆரம்பிப்பான். அந்த ஆசை மேலே ஏறி இறங்க ஐந்து நிமிடம், மிஞ்சிப்போனால் பத்து நிமிடம்தான் ஆகும். அதுவரை வாயும் காதும் வேறெங்காவது இருந்தால் போதும். நீங்கள் பிடிக்கிற ஆளிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உபதேசம் பண்ணுகிற ஆள் இந்த வேலைக்கு ஆகாது. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஆகாது.

ஆசை வரும்போது ஒரு மடக்குத் தண்ணீர், நாலு முறை நீளமாக மூச்சு, வாயில் ஒரு கிராம்போ சுக்குத் துண்டோ. இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், உதவவும் செய்யும். கொசுவுக்காகத்தான் பீடி என்று சொல்லிக்கொள்கிறவர்கள் கொசுவர்த்தியைத் தகர டப்பாவில் வைத்து இடுப்பில் கட்டிக்கொள்ளலாம்.

சாயக்கடைக்காரரை மறந்துவிடாதீர்கள். முக்கால்வாசிக் காரியம் அவர் கையில்தான் இருக்கிறது. எனக்கு அந்தக் கடையில் பற்றுக் கணக்கு இருந்தது. பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டு, நாலு பேர் இருக்கும்போதே, "அண்ணாச்சி, இனி நான் கேட்டாலும் எனக்குப் பீடி தரக்கூடாது, பற்றிலும் எழுதக்கூடாது" என்றேன். தனியாகச் சொன்னால் அவருக்கும் சங்கடம், நமக்கும் நாளைக்கு மாற்றிப் பேச வழி இருக்கும். வியாபாரம் போகிறதே என்று அவர் முறுக்குவார் என நினைத்தேன். அவரோ அன்றைக்கே பீடிக்கட்டு இருந்த பாட்டிலை எடுத்து மிட்டாய் பாட்டிலுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டார்.

சாயக்கடை என்றதும் இன்னொன்று. புகை உள்ளே போய்க்கொண்டிருக்கும்வரை உடம்பு காஃபீனைச் சீக்கிரம் சீக்கிரமாகக் கரைத்துக்கொண்டே இருக்கும். புகை நின்றால் அந்த வேகம் குறைந்துவிடும். பழையபடி அதே அளவு சாயை குடித்தால் காஃபீன் உடம்பில் தங்கிப் படபடப்பு, எரிச்சல், தூக்கமில்லாமை எல்லாம் வரும். பீடியை விட்டதால்தான் இப்படி என்று பயந்து திரும்பப் பற்றவைக்கிறவர்கள் உண்டு. விட்ட அன்றிலிருந்து சாயையைப் பாதியாகக் குறையுங்கள். பால் ஊற்றாத கட்டனும் சாயைதான், அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

இனி வீடு. என் வீட்டுக்காரி அண்டியாபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகிறவள், நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவளிடம் கூடுதலாக ஒரு வேலை கொடுக்க எனக்கு மனசில்லை. அதனால் செய்யவேண்டியதைச் சொல்லாமல், செய்யக்கூடாததைத்தான் சொன்னேன். வாயை ஊதிக் காட்டச் சொல்லக்கூடாது. சட்டையை மோந்து பார்க்கக்கூடாது. சொந்தக்காரர்கள் வந்தால், "இவரு பீடிய விட்டுட்டாராம், பாப்போம்" என்று சிரிக்கக்கூடாது. இரண்டு வாரம் நான் காரணமில்லாமல் எரிந்து விழுவேன், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. மைனி, மாமியார் என்று வீட்டில் இருக்கிற எல்லோரிடமும் இதை முன்கூட்டியே சொல்வது நல்லது. சொல்லாமல் கோபப்பட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் கால் நேராகக் கடைக்குத்தான் போகும்.

பசி கூடும், எடையும் கொஞ்சம் ஏறும். மலச்சிக்கல் வரும், ராத்திரி இரண்டு மட்டி வாழைப்பழம், நிறையத் தண்ணீர். இருமல் குறைவதற்குப் பதிலாகச் சிலருக்கு முதல் சில வாரம் கூடும். மூச்சுக்குழாய் தன்னைச் சுத்தம் செய்ய ஆரம்பிப்பதுதான் காரணம். ஆனால் மூன்று வாரம் தாண்டியும் இருமல் விடவில்லை, சளியில் ரத்தம் தெரிகிறது, வாய்ப்புண் ஆறவில்லை என்றால் தாமதிக்காமல் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போய்க் காட்டுங்கள். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரி வரை போய் அலைந்த குடும்பங்கள் நம்ம மாவட்டத்தில் எல்லா ஊரிலும் இருக்கின்றன, இதை நான் விளக்கவேண்டியதில்லை.

பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். நான் அதற்கு எதிரி. சத்தியம் செய்தவன் எங்காவது ஒரு பீடி இழுத்துவிட்டால் அதை யாரிடமும் சொல்லமாட்டான். ஒளித்துக் குடிக்கத் தொடங்குவான். உதவிக்கு இருக்கிற ஆட்களிடமிருந்தே ஒளிந்துகொண்டால் அப்புறம் யார் உதவுவது? பிள்ளைகளைப் போலீஸ் ஆக்குவதும் அதே மாதிரிதான். விடுகிற விஷயத்தை அவர்களிடம் சொல்லுங்கள், அவ்வளவு போதும்.

கூட வேலை செய்கிற கூட்டாளிகள் பீடி குடிப்பார்கள்தான். அவர்களையும் விடச்சொல்லி இழுக்கவேண்டாம். என்னிடம் நீட்டாதே, விட்டுவிட்டாயா என்று தினமும் கேட்காதே, இவ்வளவுதான் அவர்களிடம் கேட்கவேண்டியது. பால் வடியக் காத்திருக்கிற நேரத்தில் நான் இடத்தை மாற்றிக்கொண்டேன். பீடி குடிக்காத ஒரு கூட்டாளி பக்கத்துப் பிளாக்கில் உண்டு, அவனோடு உட்கார்ந்து கஞ்சி குடிப்பேன். அவர்களில் ஒருவனும் சேர்ந்து விடுகிறேன் என்றால் ரொம்ப நல்லது. ஆனால் அவன் திரும்பத் தொடங்கினால் நீங்களும் தொடங்கவேண்டும் என்றில்லை என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

இந்தக் கூட்டத்தில் ஒரு பேச்சு வரும். சிகரெட்தான் கெடுதி, பீடியில் புகையிலை கொஞ்சம்தானே, சுற்றியிருப்பது வெறும் இலைதானே என்பார்கள். அந்த இலையில் காற்று எளிதில் புகாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்கவேண்டும். அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டை விடக் கூடுதலாகத்தான் உள்ளே போகும். பீடிக்குப் பதில் வெற்றிலையோடு புகையிலை போடுவதும் விடுவது ஆகாது. கல்ஃபில் இருந்து யாராவது வேப் (இ-சிகரெட்) கொண்டுவந்து தந்தால் வாங்காதீர்கள், 2019 முதல் அது இந்தியா முழுக்கத் தடை.

சொந்தபந்தம் மட்டும் போதாதவர்களும் இருக்கிறார்கள். எழுந்து அரை மணிக்குள் முதல் பீடி இழுத்தே ஆகவேண்டும் என்றால் உங்கள் உடம்பு நிக்கோட்டினுக்கு நன்றாகப் பழகிவிட்டது. அவர்கள் டாக்டரிடம் கேட்டு நிக்கோட்டின் சூயிங்கம் எடுக்கலாம். அதைச் சாதாரணச் சூயிங்கம் மாதிரி மெல்லக்கூடாது. காரம் தெரிகிறவரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்கவேண்டும். காரம் போனதும் திரும்ப மெல்லவேண்டும். இப்படி அரை மணி நேரம். அதற்கு 15 நிமிடம் முன்னாலிருந்து சாயை, காப்பி, எலுமிச்சைத் தண்ணீர் எதுவும் ஆகாது, மருந்து வாயில் இழுக்காது. புப்ரோபியான், வரெனிக்ளின் என்று மாத்திரைகளும் உண்டு. டாக்டர் எழுதித் தந்தால் மட்டும். இருதயக் கோளாறு, வலிப்பு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இலவசத் தொலைபேசி உதவியும் இருக்கிறது: 1800-11-2356. சிகரெட், பீடி உறைகளில் படத்துக்குப் பக்கத்தில் அச்சடித்திருக்கும் நம்பர்தான் இது. தமிழிலும் பேசுவார்கள். காலை 8 முதல் இரவு 8 வரை, திங்கட்கிழமை கிடையாது. விடுகிற தேதியைச் சொன்னால் அவர்களே திரும்பக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். பால்வெட்டுக்காரனின் நாலு மணிக்கு அது உதவாது, அதற்குத்தான் தம்பி.

தேதி குறிக்கும்போது வேலை ஒழுங்காக நடக்கிற காலமாகப் பாருங்கள். இலை உதிர்ந்து வெட்டு நிற்கிற மாசி வேண்டாம், மழையில் சும்மா இருக்கிற ஆனி, ஆடியும் வேண்டாம். முந்தின ராத்திரி பைக் பெட்டி, ஓட்டு இடுக்கு, ரப்பர் ஷீட் காயப்போடுகிற புகைப்பெரை எல்லாவற்றிலும் தேடி, கிடைத்த கட்டுகளைத் தண்ணீரில் முக்கிவிடுங்கள். புகை ஷீட்டுக்கு வேண்டும், நமக்கு வேண்டாம்.

கடைசியாக மரண வீடு, கல்யாணத் தலைநாள், கோயில் கொடை ராத்திரி. முற்றத்தில் நாற்காலி போட்டு விடிய விடிய உட்காரும்போது பீடி தானாகக் கை மாறி வரும். உள்ளே குடியும் போயிருந்தால் ரொம்பக் கஷ்டம். முதல் மூன்று மாதம் குடி இருக்கிற இடத்தில் உட்காராதீர்கள். போகவேண்டியது கட்டாயம் என்றால் புகைக்காத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், தலையைக் காட்டிவிட்டு அவரோடே திரும்புங்கள். அப்படியும் ஒன்று இழுத்துவிட்டால், காலையிலேயே உங்கள் ஆளிடம் சொல்லுங்கள். கேட்கிற ஆளுக்கு நான் சொல்வது இதுதான்: "அப்பவே சொன்னேன்ல" என்று தொடங்காதீர்கள். "எங்க வச்சு? ஆரு கூட?" என்று மட்டும் கேளுங்கள். அந்த இடத்துக்கு அடுத்த தடவை யார் கூடப் போவது என்பதை இரண்டு பேரும் அப்போதே பேசி வைத்துவிடுங்கள்.