கடினமான ஆங்கிலச் சொற்களை உச்சரிப்போடு சேர்த்துப் படிப்பது எப்படி?

படிக்கும்போது புரிகிறது, எழுதும்போதுகூட எப்படியோ வந்துவிடுகிறது. வாயைத் திறந்தால் மட்டும் அதே பழைய ‘வெரி குட்’, ‘வெரி பிக்’ தான். பொருள் தெரிந்த சொல்லைப் பேச்சில் எடுத்துவிடத் தயங்குகிறவர்கள் நம்மில் ஏராளம். அந்தச் சொல் கண் வழியாக மட்டும் உள்ளே போனதுதான் சிக்கல். என்னைக் கேட்டால், எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்று தெரியாத வரை ஒரு சொல்லைப் படித்துவிட்டதாகவே கணக்கு வைக்கக் கூடாது. அதனால் இங்கே ஒலி முதலில், எழுத்துக்கூட்டல் பிறகு.

முதல் படி: எந்தச் சொல்?

‘தினம் ஐம்பது சொற்கள்’ வகைப் பட்டியல்களைத் தொடவே வேண்டாம். நீங்கள் வழக்கமாகப் படிக்கிற, கேட்கிற விஷயங்களில் இரண்டு வெவ்வேறு இடங்களில் கண்ணில் பட்ட சொல்லை மட்டும் நோட்டில் ஏற்றுங்கள். பட்டியல் இருந்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு, நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்ட் இருக்கிறது. மொத்தம் 570 சொற்குடும்பங்கள் (ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்களின் தொகுதிகள்). எந்தத் துறைப் பாடநூலைத் திறந்தாலும் திரும்பத் திரும்ப வருபவை. நாளுக்கு மூன்று சொல் தாராளம்.

இரண்டாம் படி: பார்க்கும் முன் கேளுங்கள்

கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு இரண்டின் ஆன்லைன் அகராதிகளிலும் சொல்லுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் படம் இருக்கும். ஒன்று பிரிட்டிஷ், இன்னொன்று அமெரிக்கன். ‘ஷெட்யூல்’ என்பதா ‘ஸ்கெஜூல்’ என்பதா என்று குழம்பாமல் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருங்கள். கண்ணை மூடிக்கொண்டு சில முறை கேட்டு, கூடவே சொல்லிப் பார்த்த பிறகு எழுத்துகளைப் பாருங்கள்.

வரிசையை மாற்றினால் எழுத்து நம்மை ஏமாற்றிவிடும். மிகைப்படுத்திச் சொல்வதைக் குறிக்கும் hyperbole என்ற சொல்லை எழுத்தில் பார்த்தவர் ‘ஹைபர்போல்’ என்றுதான் படிப்பார். அது ‘ஹைபர்பலி’. ‘டெட்’ என்று ஒலிக்கும் கடனுக்கான சொல்லில் (debt) நடுவே ‘பி’ எதற்கு? பிரெஞ்சிலிருந்து வந்தபோது அது கிடையாது. லத்தீன் மூலத்தில் இருக்கிறதே என்று பிற்காலத்து அறிஞர்கள் நுழைத்தார்கள். எழுத்தில் ஏறியது, வாயில் ஏறவில்லை. ‘சட்ல்’ (subtle), ‘டவுட்’ (doubt) இரண்டிலும் வரும் ‘பி’யும் இதே கதைதான். ராணுவப் பதவியான ‘கர்னல்’ ஆங்கிலத்தில் ‘கொலொனெல்’ மாதிரி எழுதப்படுகிறது. நம் செய்தித்தாள்கள் காதை நம்பி ‘கர்னல்’ என்றே சரியாக அச்சிடுகின்றன.

மூன்றாம் படி: அழுத்தம் எங்கே?

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. தமிழில் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே பலத்தில் சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கும், மற்றவை ஒடுங்கும். ஓங்கும் அசைக்கு முன்னால் அகராதியில் ˈ என்று மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும். அதை மட்டும் கவனிக்கப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

ஒரே குடும்பத்தில் இந்தக் கோடு எப்படி நகர்கிறது பாருங்கள்: ˈஃபோடக்ராஃப், ஃபˈடாக்ரஃபி, ஃபோடˈக்ராஃபிக். மேசையைத் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். ஓங்கும் அசைக்கு மட்டும் ஒரு தட்டு.

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ‘ஐ-சி’, ‘டி-ஐ-ஓ-என்’, ‘ஐ-டி-ஒய்’ என்று முடியும் சொற்களில் அந்த விகுதிக்கு நேர் முன்னால் இருக்கும் அசைதான் பெரும்பாலும் ஓங்கும். இˈகானமி, ஈகˈநாமிக் ஆகிறது. ˈஜெனரஸ், ஜெனˈராஸிட்டி ஆகிறது. விதிவிலக்கு உண்டு: ˈபாலிடிக்ஸ்.

அழுத்தம் மாறினால் சொல்லின் வேலையே மாறும் ஜோடிகளும் இருக்கின்றன. ˈரெக்கர்ட் என்றால் ஆவணம், ரிˈகார்ட் என்றால் பதிவுசெய்வது. வேறு சிலவற்றில் அழுத்தம் அசையாது, வால் மட்டும் மாறும்: டிˈலிபரட் என்றால் ‘வேண்டுமென்றே செய்த’, டிˈலிபரேட் என்றால் ‘கூடி ஆலோசிப்பது’. எழுத்து இரண்டுக்கும் ஒன்றே.

நான்காம் படி: ஒடுங்கும் உயிர்

அழுத்தமில்லாத அசைகளில் எந்த உயிரெழுத்து எழுதியிருந்தாலும், அது பெரும்பாலும் மங்கிப்போய் ‘அ’வுக்குப் பக்கத்தில் ஒரு சோம்பல் ஒலியாகிவிடும். அகராதியில் தலைகீழாக நிற்கும் ஆங்கில ‘ஈ’ எழுத்து (ə) இதற்கான குறி, பெயர் ஷ்வா. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி இதுதான். நமக்கு இது அந்நியமும் இல்லை. ‘பாக்கு’, ‘காட்டு’ இவற்றின் கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறைவதைக் குற்றியலுகரம் என்று பள்ளியிலேயே படித்தவர்கள்தானே நாம்! ‘டெவலப்’ என்று முதல் அசையை ஓங்கிச் சொல்வதை விட்டு டிˈவெலப் என்று சொல்லிப் பாருங்கள். கடைசி ‘லப்’ தானாக ஒடுங்கும்.

ஐந்தாம் படி: நோட்டில் தமிழில் எழுத வேண்டாம்

‘இந்தப் பதிவு முழுக்க அதைத்தானே செய்கிறீர்கள்’ என்று கேட்பது நியாயம்தான். அழுத்தத்தைக் காட்டத் தமிழ் எழுத்து போதும். மெய்யொலிகளைக் காட்டப் போதாது. விலைக்கும் ‘ப்ரைஸ்’, பரிசுக்கும் ‘ப்ரைஸ்’ என்றுதான் எழுத முடியும். தொண்டையில் விரல் வைத்துச் சொல்லுங்கள். விலையின் கடைசி ஒலியில் அதிர்வு இருக்காது. பரிசின் கடைசி ஒலியில் வண்டு முரல்வதுபோல் அதிரும், அதற்கு முன்னால் உள்ள உயிரும் சற்று நீளும். ஆகவே நோட்டில் அகராதியின் ஒலிக்குறிகளையே எழுதுங்கள்.

ஆறாம் படி: சொல்லின் கூட்டாளிகள்

தனிச்சொல்லாகப் பொருள் எழுதிவைத்தால் பேச்சில் உதவாது. ‘மிட்டிகேட்’, ‘அலீவியேட்’ இரண்டுக்கும் தமிழில் ‘தணிப்பது’ என்றே எழுதுவோம். ஆனால் முன்னது பெரும்பாலும் ‘ரிஸ்க்’கோடு சேரும், பின்னது ‘பெயின்’, ‘பாவர்ட்டி’ போன்றவற்றோடு. அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களிலிருந்து ஒரு தொடரை அப்படியே எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். யூகிளிஷ் (YouGlish) தளத்தில் சொல்லைத் தட்டினால், யூட்யூப் வீடியோக்களில் அந்தச் சொல் பேசப்படும் இடங்களையே வரிசையாகப் போட்டுக் காட்டும். அந்தத் தொடரைச் சொல்லி போனில் பதிவுசெய்து, அகராதியின் ஒலியோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். தன் குரலைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், போகப் போகப் பழகிவிடும்.

ஏழாம் படி: அட்டைப் பெட்டி

செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் 1970களில் பரப்பிய முறை இது. சில அறைகள் உள்ள பெட்டியில் சொல் அட்டைகள். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், அதை இன்னும் தாமதமாகப் பார்த்தால் போதும். தவறினால் மறுபடி முதல் அறை. அங்கி (Anki) செயலி இதே வேலையைத் தானாகச் செய்கிறது. அட்டையின் முன்பக்கம் அந்தச் சொல் மட்டும் விடுபட்ட வாக்கியம் இருக்கட்டும். பின்பக்கம் சொல், ஒலிக்குறி, அழுத்தக் கோடு. விடையை மனதுக்குள் நினைத்தால் மதிப்பெண் இல்லை. வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அழுத்தம் இடம் மாறினாலும் அது தவறுதான். திரும்பத் திரும்ப முதல் அறைக்கே வரும் அட்டையைத் தயங்காமல் எடுத்துப்போட்டுவிடுங்கள். உண்மையிலேயே தேவைப்படும் சொல்லாக இருந்தால் படிப்பில் மறுபடி எதிர்ப்படும், அப்போது சேர்த்துக்கொள்ளலாம்.