கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஆலையில் வேலை பார்த்தவர்கள் இழப்பீடு கேட்பதற்கு முன் எழுதி வைக்க வேண்டியவை

உலைக் கதவுக்கு அட்டையும் நீராவிக் குழாய்க்கு உறையும் செய்த ஆலையில், வெட்டுப் பிரிவில் 19 வருடம் இருந்தேன். என்னோடு ரம்பம் பிடித்த நண்பருக்கு, வேலையை விட்டு 26 வருடம் கழித்து மீசோதெலியோமா என்றார்கள், கல்நார் தூசியால் பெரும்பாலும் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய் அது. வழக்கறிஞர் முதலில் கேட்டது: "எந்தச் சரக்கு? யார் தயாரித்தது?" நண்பருக்கு இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கியது. பெயர் எதுவும் நினைவுக்கு வரவில்லை. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது. உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு நோட்டு எடுங்கள்.

"கல்நார் தூசியில் வேலை செய்தேன்" என்று ஒரே வரியில் எழுதினால் அது எங்கும் நிற்காது. எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, எந்தப் பிரிவு, எந்த ஷிப்ட், பக்கத்தில் நின்றது யார் என்று எழுதுங்கள். மூட்டையைப் பிரித்துக் கொட்டியது கையாலா? அட்டையை உலர்வாக அறுத்தீர்களா, நனைத்தா? தூசி உறிஞ்சும் விசிறி இருந்ததா, இருந்தும் ஓடவில்லையா? தரையை விளக்குமாற்றால் பெருக்கினார்களா? சட்டையில் படிந்ததை ஏர் ஹோஸால் ஊதிவிட்டு வீட்டுக்குப் போனீர்களா? அந்தச் சட்டையைத் துவைத்தவர் பெயரையும் எழுதுங்கள். துணியில் வந்த தூசியாலேயே வீட்டுப் பெண்களுக்கு நோய் வந்திருக்கிறது.

அமெரிக்காவில் கிளாரன்ஸ் போரெல் என்ற, கல்நார் கலந்த வெப்பக் காப்புறை போடும் தொழிலாளி, வேலை முடிந்ததும் தன் உடையை எடுத்தாலே தூசி உதிரும் என்று வாக்குமூலம் கொடுத்தார். வழக்கு விசாரணைக்கு வருமுன் 1970-இல் இறந்துவிட்டார். அவர் சொன்னது மட்டும் தாளில் இருந்தது. 1973-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆபத்தை எச்சரிக்காத தயாரிப்பாளர்கள் பொறுப்பு என்ற தீர்ப்பை உறுதி செய்தது. நமக்கு அற்பமாகத் தோன்றும் இந்த மாதிரி விவரம்தான் நீதிமன்றத்தில் பேசும்.

சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, டெலிவரி சலான், பழைய குழுப் புகைப்படம் எல்லாவற்றையும் சேருங்கள். மூட்டையில் அச்சடித்திருந்த பெயரும் படமும் நினைவிருந்தால் வரைந்தே வையுங்கள். முதலாளி ஒருபுறம், சரக்கு விற்றவர் இன்னொருபுறம். இருவர் மீதும் தனித்தனியாகப் பொறுப்பு விழலாம். ஆலை மூடிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அதை வாங்கிய நிறுவனம், அந்தக் காலத்துக் காப்பீடு, திவாலான தயாரிப்பாளர்கள் அமைத்த இழப்பீட்டு அறக்கட்டளை என்று தேட இடம் உண்டு. ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம்: பழைய அட்டையைச் சாட்சியாகக் காட்ட உடைத்துத் துண்டு எடுக்காதீர்கள், அதே தூசிதான் மறுபடி பறக்கும்.

மருத்துவரிடம் போனால் வயதைச் சொல்லும்போதே செய்த வேலையையும் சொல்லுங்கள். நோய் தலைகாட்ட 20 முதல் 50 வருடம் ஆகலாம் என்பதால் அவராகக் கேட்க மாட்டார். ஸ்கேன், நுரையீரல் செயல்திறன் சோதனை இரண்டின் நகலையும் வாங்குங்கள். பயாப்சி எடுத்தால் திசுவைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். புகைபிடித்திருந்தால் மறைக்காதீர்கள். மீசோதெலியோமாவுக்குப் புகை காரணம் அல்ல. நுரையீரல் புற்றுநோயில் கல்நாரும் புகையும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு கூடும், ஆனால் அதனால் கல்நாரின் பங்கு இல்லாமல் போய்விடாது.

மருத்துவர் நோயின் பெயரைச் சொன்ன தேதியைக் குறித்து, அந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள். காலவரம்பு நாட்டுக்கு நாடு மாறும். பல இடங்களில் நோய் தெரிந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள்.

"அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். எனக்கு ரத்தம் கொதிக்கும் கேள்வி அது. பிரிட்டனில் ஆலையில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற பெண், அந்தத் தூசியால் நுரையீரல் கெட்டு இறந்தது 1924-இல். கல்நார் தூசியின் கெடுதல் பற்றி அங்கே அரசு ஆய்வறிக்கை வந்தது 1930-இல், தூசிக் கட்டுப்பாட்டு விதிகள் 1931-இல். நீங்கள் வேலைக்குச் சேர்ந்த வருடத்தை அதன் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

சமரசத் தாள் நீட்டினால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். இன்று நுரையீரல் உறையில் தடிப்பு மட்டும் இருக்கலாம், நாளை புற்றுநோய் வரலாம். பின்னால் வரும் நோய்க்கும் சேர்த்து உரிமையை விட்டுக்கொடுக்கிறோமா என்று வழக்கறிஞரிடம் அந்த வரியைத் தொட்டுக் காட்டிக் கேளுங்கள்.